மேக்னைட் வாங்கலாமா? காரைப் பார்த்த கண்ணால் கொட்டேஷனையும் பாருங்கள்

கேள்வி: உசிலம்பட்டியை அடுத்த கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். ஏழு ஆண்டுகளாக இன்சூரன்ஸில் இழப்பீடு எதுவும் கோராத என் 2013 மாடல் சிறிய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு நிசான் மேக்னைட் வாங்க எண்ணுகிறேன். வாரம் இரண்டு முறை மதுரைக்கு வருவோம். மகளைக் கொடைக்கானலில் கட்டிக்கொடுத்திருப்பதால் நானும் மனைவியும் மகன் குடும்பத்தார் மூவருமாக மாதம் ஒருமுறை மலைக்குப் போவோம். ‘மூன்று சிலிண்டர் வண்டி மலை ஏறாது’ என்கிறார் என் மெக்கானிக். ‘தாராளமாக ஏறும், டர்போ வேண்டியதில்லை’ என்கிறார் ஷோரூம் விற்பனையாளர். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் என்னால் இயலாது. கொட்டேஷன் தாளை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வதிலும் பாதி சரி, விற்பனையாளர் சொல்வதிலும் பாதி சரி. இந்தக் காரில் இரண்டு விதமான பெட்ரோல் இன்ஜின்கள் வருகின்றன. இரண்டுமே 999 சிசி, இரண்டுக்குமே மூன்று சிலிண்டர்தான். டர்போ இல்லாதது 72 குதிரைத்திறனும், டர்போ உள்ளது 100 குதிரைத்திறனும் தருகின்றன. எனவே மலை ஏறுவதைத் தீர்மானிப்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை அன்று. மூன்று சிலிண்டரால் வருகிற சங்கடம் வேறு: கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது கியர் கம்பியும் இருக்கையும் லேசாக அதிரும். அது அந்த இன்ஜினின் இயல்பு, பழுது அல்ல. அதைச் சகித்துக்கொள்ள முடியாதவர்கள் நான்கு சிலிண்டர் வண்டியைத்தான் தேட வேண்டும்.

மலைக்கு வருவோம். டர்போ இல்லாத இன்ஜின், சுற்றியுள்ள காற்றைத் தானாக இழுத்துக்கொண்டு ஓடுகிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, வத்தலக்குண்டில் 72 குதிரைகளோடு புறப்படும் வண்டி பெருமாள்மலையைத் தாண்டும்போது அறுபதுக்கும் குறைவான குதிரைகளோடுதான் போய்க்கொண்டிருக்கும். அதில் ஐந்து பேர், மகள் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் அரிசிப் பை, தேங்காய், துணிப்பெட்டி எல்லாமாகச் சேர்ந்து 400 கிலோவை நெருங்கும். வண்டியின் எடையே ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஏறாதா என்றால், ஏறும். ஆனால் டம் டம் பாறைக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் பேருந்துக்காக நின்று மீண்டும் கிளம்பும்போது ஏ.சி.யை அணைத்துவிட்டு முதல் கியரில் இன்ஜின் அலற அலறக் கிளம்ப வேண்டியிருக்கும். கிளட்ச் கருகும் வாடை முதலில் உங்கள் மூக்குக்கும், அதன் செலவு இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் பைக்கும் வந்துசேரும். டர்போ, காற்றை அழுத்தி உள்ளே ஊட்டுவதால், இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். நகரத்துக்குள்ளேயே, ஒருவர் இருவராகச் சுற்றுபவருக்கு டர்போ இல்லாததே போதும் என்று நானே சொல்லியிருப்பேன். மாதம் ஒருமுறை ஐந்து பேர் மலையேறும் வீட்டுக்கு டர்போவும் கையால் மாற்றும் கியரும்தான் பொருந்தும். தானியங்கி கியர் கொண்ட டர்போ உங்கள் தொகைக்குள் அடங்காது என்பதால் அதைப் பற்றிப் பேசவில்லை.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். ஷோரூமைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் ஓட்டிக்காட்டுவதற்குப் பெயர் சோதனை ஓட்டம் அல்ல. உங்களுக்குப் பக்கத்திலேயே ஆண்டிபட்டிக் கணவாய் இருக்கிறது. வீட்டார் ஐவரும் உட்கார்ந்து, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, மணல் லாரி ஒன்றின் பின்னால் கணவாயில் ஏறி, அதை முந்த முயன்று பாருங்கள். இரண்டு இன்ஜின்களையும் அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தபின் உங்கள் மனைவியே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

மற்றபடி இந்த வண்டியின் நிறைகுறைகளை நீட்ட வேண்டியதில்லை. தரையிலிருந்து அடிப்பாகம் 205 மில்லிமீட்டர் உயரம் என்பது நம் ஊர்ச் சாலைக்குப் பெரிய வரம். விபத்து வாகனங்களின் சேதத்தை மதிப்பிடும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். என்னிடம் வரும் தாழ்வான கார்களில் பலவற்றுக்கு எதிரில் எந்த வண்டியும் வந்து மோதியிருக்காது. ஊருக்கு ஊர் அவரவர் விருப்பப்படி கட்டிவைத்த, வெள்ளைக்கோடு கூட இல்லாத வேகத்தடையில் இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப் உடைந்து, எண்ணெய் முழுவதும் ஒழுகிய பிறகும் விவரம் தெரியாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினையே தீய்த்துக்கொண்டு வருவார்கள். இந்த உயரம் அந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கும். 336 லிட்டர் டிக்கி உங்களுக்குப் போதும். 2024 அக்டோபரில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு எல்லா ரகத்திலும் ஆறு ஏர்பேக் உண்டு. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2025-இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரமும் சிறுவர் பாதுகாப்புக்கு 3 நட்சத்திரமும் கிடைத்தன. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளாமல் தனி இருக்கையில் கட்டி உட்காரவைத்தால்தான் அந்த நட்சத்திரங்களுக்குப் பொருளுண்டு.

குறைகள் என்றால், பின்னிருக்கை இரண்டு பெரியவர்களுக்கும் ஒரு பிள்ளைக்கும் சரியாக இருக்கும், மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். இது ஒரகடத்தில் தயாராகும் வண்டிதான் என்றாலும், மாருதி, ஹூண்டாய் அளவுக்குச் சேவை மையங்கள் பரவலாக இல்லை. திருப்பி விற்கும்போதும் அவற்றின் விலையை எதிர்பார்க்க முடியாது. எஸ்யூவி என்ற பெயரைக் கேட்டு வைகை மணலில் இறக்கிவிடாதீர்கள், முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் உயரமான சிறிய கார் இது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மீறினால் 40 சதவீதம் என்று 2025 செப்டம்பர் 22 முதல் வரி இருப்பதால், இந்த விலையில் எல்லா நிறுவனமும் இதே அளவில்தான் வண்டி செய்கின்றன.

உண்மையில் என்னை உறுத்தியது நீங்கள் அனுப்பிய தாள்தான். டர்போ இல்லாத வண்டியின் ஷோரூம் விலை 7,60,000. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம், அதாவது 98,800. இந்த இரண்டு தொகைகளிலும் எவரும் எதுவும் செய்வதற்கில்லை. அதற்குக் கீழேதான் விளையாட்டு. இன்சூரன்ஸ் 41,800, அலங்காரப் பொருள்கள் 26,500, ‘அடிப்பூச்சும் மேல்பூச்சும்’ 17,000, ‘ஹேண்ட்லிங்’ 8,500. மொத்தம் 9,52,600. அதே தாளின் பின்புறம் பென்சிலால் டர்போவின் விலை 8,60,000 என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு வரி 1,11,800. மற்றவற்றை விட்டுவிட்டு இன்சூரன்ஸை நீங்களே 27,000 ரூபாய்க்குள் முடித்தால் மொத்தம் 9,98,800 ஆகிறது. வெறும் 46,200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் மலை ஏறும் இன்ஜின் கிடைக்கிறது. ‘டர்போ வேண்டியதில்லை’ என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? டர்போவுக்குப் போக வேண்டிய பணத்தைத்தான் சீட் கவரும் பூச்சும் தின்கின்றன.

ஹேண்ட்லிங் என்ற தொகைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ‘எந்த விதியின் கீழ் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள்’ என்று கேளுங்கள், அந்தத் தொகை தாளிலிருந்து மறைந்துவிடும். பூச்சு வேண்டாம். சீட் கவர் வேண்டுமென்றால் டவுன்ஹால் ரோடு பக்கம் விசாரித்துக்கொண்டு பிறகு பேசுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குக் கட்டாயம். 1000 சிசிக்குள் இருப்பதால் அதன் கட்டணம், 2022-இல் அறிவிக்கப்பட்டபடி, வரி நீங்கலாக 6,521 ரூபாய்தான். எந்தக் கம்பெனியிலும் அதே தொகைதான். உங்கள் காருக்கே நேரும் சேதத்துக்கான சொந்தச் சேதக் காப்பீட்டில்தான் விலை ஏறி இறங்கும். அதில், மாற்றும் பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத பாதுகாப்பு அவசியம். இன்ஜின் பாதுகாப்பும் எடுத்துக்கொள்ளலாம். சாவி தொலைந்தால், கைப்பை தொலைந்தால் என்று வரிசையாக வருபவற்றை அடித்துவிடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால், அதையும் இரண்டாம் முறை எடுக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதை ஷோரூமில் ஒருவரும் தாமாகச் சொல்வதில்லை. பழைய காருக்கு ஏழு ஆண்டுகளாக இழப்பீடு எதுவும் கோரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சொந்தச் சேதக் கட்டணத்தில் உங்களுக்கு 50 சதவீத சலுகை சேர்ந்திருக்கும். அந்தச் சலுகை உங்களுக்கு உரியது, காருக்கு உரியது அல்ல. காரை வாங்குபவருக்கு அது போகாது. பழைய வண்டியைக் கொடுத்ததற்கான சான்றைக் காட்டி உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சலுகைக் கடிதம் வாங்கிவைத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் எந்தப் புதிய காருக்கும், எந்தக் கம்பெனியிலும் பயன்படுத்தலாம். நான் மேலே போட்ட 27,000 இந்தச் சலுகையையும் சேர்த்த கணக்குத்தான். பழைய காரை விற்காமல் மகன் பெயருக்கு மாற்றினாலும் சலுகை உங்களிடமே தங்கும். ஆனால் பழைய காரை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு அதிலும் சலுகை, இதிலும் சலுகை என்று வாங்க முடியாது. பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் சலுகை போய்விடும். உங்கள் பாலிசி எந்தத் தேதியில் முடிகிறது என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக அந்தப் பழைய கார். எக்ஸ்சேஞ்ச் என்றதும் ஒரு புரோக்கர் வருவார், வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைப்பார், பிறகு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை நிரப்பாமலே நீட்டி, அவற்றில் ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தக் கார் கை மாறிக் கை மாறி எங்கெங்கோ ஓடும், பதிவில் மட்டும் உங்கள் பெயர் இருக்கும். விபத்து நடந்து, அந்த வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லையென்றால், பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்பு மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நீதிமன்ற அழைப்பாணையை மஞ்சள் பையில் மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். விற்று மூன்றரை ஆண்டுகள் ஆன கார் அது. விற்ற பணத்தைப் போல் சில மடங்கு இழப்பீடு கேட்டிருந்தார்கள். புரோக்கரின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை.

இதற்கு ஒரு விதி வந்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல், பழைய வாகனம் வாங்கி விற்பவர் போக்குவரத்துத் துறையில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததும் படிவம் 29சி வழியாக இணையத்தில் தெரிவித்துவிட்டால், அதற்குப் பிறகு வண்டிக்கு அவரே பொறுப்பு. இவ்வளவு தெளிவான விதியைப் போட்டுவிட்டு, அதை மக்களுக்குச் சொல்வது யார் வேலை என்று எவரும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் இன்றைக்கும் வெற்றுப் படிவங்களில்தான் வியாபாரம் நடக்கிறது, உள்ளே இருப்பவர்களுக்கும் அது தெரியும்.

உங்களிடம் வருபவர் அங்கீகாரச் சான்றைக் காட்டட்டும். இல்லையென்றால் வண்டி யார் பெயருக்குப் போகிறதோ அவருடைய பெயரும் முகவரியும் தேதியும் எழுதப்பட்ட படிவத்தில் மட்டும் கையெழுத்திடுங்கள். அவருடைய ஆதார் நகலையும், வண்டியை ஒப்படைத்த நாள், நேரம், கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்த ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். விற்றதை 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, புரோக்கரின் கடமை அல்ல. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறிவிட்டதா என்பதைப் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம். பெயர் மாறும்வரை அந்தக் காரின் இன்சூரன்ஸை ரத்து செய்யாதீர்கள்.