காலநிலை மாற்றத்தை ஆராயும் பொருளியலாளராக எதைப் படிக்க வேண்டும்?

கேள்வி: முதுகலைப் பொருளியல் முதலாண்டு படிக்கிறேன். காலநிலை மாற்றத்தை ஆராயும் பொருளியலாளராக விரும்புகிறேன். அதற்குச் சுற்றுச்சூழல் அறிவியலிலும் ஒரு பட்டம் பெற வேண்டுமா? வேலைவாய்ப்பு எப்படி இருக்கிறது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இன்னொரு பட்டம் தேவையில்லை. அந்த இரண்டாண்டுகளைக் கணிதத்திலும் புள்ளியியலிலும், பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறைகளால் ஆராயும் எகனாமெட்ரிக்ஸ் எனப்படும் பொருளாதார அளவியலிலும் செலவிடுங்கள். புவி எவ்வளவு வெப்பமாகும் என்பதை காலநிலை அறிவியலாளர்கள் கணித்துத் தருகிறார்கள். அந்த வெப்பத்தால் யாருக்கு எவ்வளவு இழப்பு, அதைத் தடுக்க இன்று எவ்வளவு செலவிடலாம் என்று கணக்கிடுவதே நம் பணி.

இத்துறையின் மையமான சர்ச்சையை முதலில் புரிந்துகொள்ளுங்கள். எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைத்துக் கணக்கிடுவது, அதாவது கழிவு வீதம் எவ்வளவு என்பதே அது. நூறு ஆண்டுகளுக்குப் பின் நேரப்போகும் ஒரு கோடி ரூபாய் இழப்பின் இன்றைய மதிப்பு, ஆண்டுக்கு 1.4 சதவீதக் கழிவு வீதத்தில் ஏறத்தாழ 25 லட்சம், 4.5 சதவீதத்தில் வெறும் 1.2 லட்சம். 2006இல் பிரிட்டன் அரசுக்காகப் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் அளித்த அறிக்கை குறைந்த வீதத்தைக் கொண்டு உடனடி நடவடிக்கையை வலியுறுத்தியது. 2018இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் வில்லியம் நோர்ட்ஹாஸ் அதைவிட மிக உயர்ந்த வீதத்தைக் கொண்டு, படிப்படியாகச் செயல்பட்டால் போதும் என்றார். பிறக்காத தலைமுறைக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்ற அறக்கேள்வி இந்த ஒற்றை எண்ணுக்குள் இருக்கிறது. ஆகவே அதைச் சூத்திரமாக மட்டும் கற்றுக்கொண்டு கடந்துவிடாதீர்கள்.

ஆனால் இந்தியாவில் இன்று பெரிதும் தேவைப்படுவது களத் தரவுகளைக் கொண்ட ஆய்வே. பொருளியலாளர் இ. சோமநாதனும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட கட்டுரையை வரிவரியாகப் படியுங்கள். சூரத் நெசவுக்கூடங்கள் உள்ளிட்ட பணியிடங்களின் அன்றாட உற்பத்திப் பதிவுகளையும் நாடு முழுவதுமுள்ள ஆலைகளின் ஆண்டுக் கணக்குகளையும் வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்து, ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஆலையின் ஆண்டு உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். குளிரூட்டிய பணியிடங்களில் உற்பத்திக் குறைவு தடுக்கப்பட்டாலும், தொழிலாளர் வேலைக்கு வராமல் போவது குறையவில்லை. வெயிலில் வந்து, வெயிலான வீட்டில் உறங்கும் மனிதரை ஆலைக்குள் மட்டும் குளிர்வித்தால் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் ஆய்வு முடிவு சொல்ல முடியாது என்றே நான் கருதுகிறேன்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, பேராசிரியராகவோ தனித்து ஆய்வு நடத்துபவராகவோ ஆக முனைவர் பட்டம் இன்றியமையாதது. சென்னையிலுள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பை இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம், டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனம் ஆகியவற்றைப் பரிசீலிக்கலாம். கொள்கை ஆய்வு நிறுவனங்களில் முதுகலையோடே ஆய்வு உதவியாளராகச் சேரலாம். ஆனால் அவை பெரும்பாலும் திட்ட நிதியை நம்பிய ஒப்பந்தப் பணிகள் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வங்கி, காப்பீட்டுத் துறைகளிலும் தேவை கூடிவருகிறது. எஃகு, அலுமினியம், சிமென்ட் போன்ற இறக்குமதிகளின் உற்பத்தியில் வெளியான கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், ஏற்றுமதி ஆலைகளுக்கும் இக்கணக்கு தெரிந்தவர்கள் வேண்டியிருக்கிறது.

முதுகலை ஆய்வேட்டுக்கு இப்போதே ஒரு தலைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்திய வானிலைத் துறையின் நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்துத் தரும் மழைத் தரவும் மாவட்டவாரி நெல் விளைச்சல் தரவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்று, வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் உங்கள் மாவட்ட விளைச்சல் எவ்வளவு சரிந்தது, பாசன வசதி அந்தச் சரிவை எவ்வளவு தாங்கியது என்று மதிப்பிட்டுப் பாருங்கள். ஆய்வு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்தக் கட்டுரையையும், அதற்கு நீங்கள் எழுதிய நிரலையும் சேர்த்து அனுப்புங்கள்.