நிற்காத மட்டக்குதிரை

கேள்வி: அக்கா மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்காக ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து குரோஷேவில் (கொக்கி ஊசிப் பின்னலில்) மட்டக்குதிரை பின்னினேன். நிறுத்தினால் காலைப் பரப்பிக்கொண்டு படுத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பஞ்சும் வெளியே தெரிகிறது. சேணம், கடிவாளம், மணி கோத்த கழுத்துப்பட்டை எல்லாம் செய்ய ஆசை. இதையே சரிசெய்ய முடியுமா, பிரித்துவிடவா? படம் அனுப்பியிருக்கிறேன். (வாசகி, திருச்சி)

பதில்: பிரிக்கத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணியும் தூண் மாதிரி உயரமாக நிற்கிறது. புத்தகத்தில் ‘டபுள் குரோஷே’ என்று இருந்திருக்கும், நீங்களும் ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு பின்னியிருப்பீர்கள். பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்று சொல்வது அமெரிக்கர்களின் சிங்கிள், அதாவது நூலைச் சுற்றிக்கொள்ளாமல் பின்னும் குட்டைக் கண்ணி. புத்தகத்தில் எங்காவது ‘சிங்கிள்’ என்று வருகிறதா பாருங்கள். வரவே இல்லை என்றால் அது பிரிட்டிஷ் கணக்கு.

ஊசியையும் மாற்றுங்கள். நூல் லேபிளில் 4 மி.மீ. என்று போட்டிருந்தால் பொம்மைக்கு 3 அல்லது 2.5 எடுங்கள். கை வலிக்கும், ஆனால் பஞ்சு எட்டிப் பார்க்காது.

அப்புறம் கால். ஷெட்லாண்ட் மட்டக்குதிரைக்குத் தோள் உயரம் 42 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. குட்டைக்கால், பருத்த வயிறு, கண்ணை மறைக்கும் பிடரிமயிர், அதுதான் அதன் அழகு. உங்களுடையதற்கோ பந்தயக் குதிரையின் கால்! நான்கு சுற்றாவது குறையுங்கள். குளம்பை மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகி மூடும் நூல் வளையத்தில்) 6 கண்ணியோடு தொடங்கி 12, 18 என்று விரித்து, அடுத்த சுற்றைக் கண்ணித் தலையில் இருக்கும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் பின்னினால் அடிப்பாகம் தட்டையாக மடியும். பஞ்சை உருண்டையாகத் திணிக்காமல் கிள்ளிக் கிள்ளி, பென்சிலின் மொட்டை முனையால் குத்தி இறக்குங்கள். அமுக்கினால் கால் வாழைக்காய் மாதிரி இருக்க வேண்டும். வயிறு மெத்தென்று இருந்தால் பரவாயில்லை.

தைப்பதற்கு முன் நான்கு கால்களையும் குண்டூசியால் குத்தி, மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். முடிந்ததும் ஊசிகளை எண்ணி எடுங்கள். நான் ஒருமுறை எண்ணாமல் விட்டு, ஒரே ஒரு ஊசிக்காக யானைப் பொம்மை ஒன்றை முழுக்கப் பிரித்தேன்.

சேணத்தை முன்கூட்டியே பின்னி வைக்காதீர்கள். பஞ்சு அடைத்த முதுகில் நூலை வைத்து அளந்த பிறகு தொடங்குங்கள். வயிற்றுப்பட்டையை அளவைவிட ஒரு செ.மீ. குறைத்தே பின்னுங்கள், போகப்போக இழுபட்டுத் தளரும்.

மணி மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு வயதுக் குழந்தை எதையும் முதலில் வாயில்தான் வைக்கும். மஞ்சள் நூலில் முடிச்சுத் தையல் போட்டால் மணி மாதிரியே தெரியும். கண்ணையும் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். கடிவாள வாரைத் தொங்கவிடாமல் சேணத்தோடு சேர்த்துத் தையுங்கள். பிடரிமயிரைப் பிடித்து இழுக்கத்தான் போகிறாள், அதனால் இழைகளைக் கோத்து முடிந்த பிறகு அடியில் இன்னொரு வரி தையல் ஓட்டுங்கள்.

நாள் போதவில்லையா? குதிரையைப் பிறந்தநாளுக்குக் கொடுங்கள், சேணத்தைப் பொங்கலுக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.