பழைய அம்பாசடரில் டீசல் எஞ்சின் வைத்தால் கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டுமா?

ஆமாம். பெட்ரோல் அம்பாசடருக்கு 1,995 சிசி இசுசு டீசல் எஞ்சின் தேடினால், அதோடு வந்த கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்குங்கள். எஞ்சினின் சுற்றைச் சக்கரத்தின் வேகமாக மாற்றித் தருவது கியர்பாக்ஸ்தான். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு வேகமாகச் சுழலாது. பெட்ரோலுக்கான கியர் விகிதத்தில் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும், வேகம் ஏறாது. சைக்கிளில் பெடல் பக்கம் சின்னப் பல்சக்கரம் இருந்தால் கால் படபடவென்று சுற்றியும் தூரம் கடக்காதே, அதுபோல. பின் அச்சில் இருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலின் விகிதத்தையும் பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான். அப்புறம், டீசல் எஞ்சின் கனமானது. முன் சஸ்பென்ஷன் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

'முதலில் மாற்றிவிட்டு ஆர்சியை அப்புறம் திருத்தலாம்' என்பது தவறு. எரிபொருள் மாறுவதால், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.