அல்ஃபியேரி பற்றிக் கேளுங்கள்

கேள்வி: விட்டோரியோ அல்ஃபியேரி யார், சுருக்கமாக?
1749இல் இத்தாலியின் அஸ்தி நகரில் பிறந்த பிரபு. துன்பியல் நாடகாசிரியர், கவிஞர். 1803இல் ஃபுளோரன்ஸில் இறந்தார்.

கேள்வி: தன்னை நாற்காலியில் கட்டிப்போடச் சொன்னாராமே?
காதலி வீட்டுக்கு ஓடிவிடாமலிருக்க வேலைக்காரனை விட்டுக் கட்டச் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுதியவர், சொல்வதில் கொஞ்சம் தள்ளுபடி செய்தே நம்புங்கள்.

கேள்வி: நாடகத்தில் என்ன புதுமை, சார்?
நல்ல கேள்வி. அன்றைய துன்பியலில் நாயகியின் மனத்தைக் கேட்டுக்கொள்ளவே ஒரு தோழி நிற்பாள். அந்தத் தோழிகளையெல்லாம் இவர் வெளியே அனுப்பிவிட்டார். 'அந்திகோனே' நாடகத்தில் பேசுவது நான்கே பேர். அரசன் கிரேயோன் நாயகி அந்திகோனேயிடம், தன் மகன் ஏமோனை மணக்கிறாயா, சாகிறாயா என்று முடிவு கேட்கும் இடம்: "தேர்ந்தாயா?" "தேர்ந்தேன்." "ஏமோனா?" "சாவு." "கிடைக்கும்." மூலத்தில் இந்த ஐந்து பேச்சும் சேர்ந்து ஒரே செய்யுளடி! முதலில் கதைத் திட்டம், பிறகு முழுவதும் உரைநடையில், அப்புறம்தான் செய்யுள் என்று மூன்று கட்டமாக எழுதுவார். இறுக்கம் அங்கிருந்து வந்தது.

கேள்வி: கொடுங்கோலை எதிர்த்து எழுதியவர் பிரெஞ்சுப் புரட்சியை ஏன் வெறுத்தார்? பிரபு புத்திதானே?
புரட்சியின் தொடக்கத்தில் பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்ததைப் பாடியவரும் இவர்தான். 1792இல் பாரிஸிலிருந்து தப்பி ஓடினார், அங்கே விட்டுவந்த நூல்கள் பறிபோயின; பிறகுதான் பிரெஞ்சுக்காரர்களை வசைபாடும் 'மிசோகல்லோ' என்ற நூல். பிரபு புத்தி என்றால், பிறந்த நாட்டு அரசனின் பிடியிலிருந்து விடுபட 1778இல் சொத்தைச் சகோதரிக்கு எழுதிக் கொடுப்பாரா?

மறுகேள்வி: கொடுத்துவிட்டு ஆண்டுதோறும் பணம் வாங்கினாரே!
வாங்கினார்தான். துறவி என்று நான் எங்கே சொன்னேன்? ஒருவன் ஆண்டாலும் கூட்டம் ஆண்டாலும், சட்டத்தை மீறித் தண்டனையின்றித் தப்ப முடிந்தால் அது கொடுங்கோல்தான் என்று 1777இலேயே எழுதத் தொடங்கியவர். புரட்சியையும் அதே கோலால் அளந்தார். வசை அளவு கடந்தது என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: நாற்காலிக் கதை உண்மையா?
மேலே பாருங்கள்.

கேள்வி: அல்பனி சீமாட்டி?
பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் இளவரசனின் மனைவி; அவனைப் பிரிந்து வந்து இவரோடு கடைசிவரை வாழ்ந்தவர். ஃபுளோரன்ஸின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் சிற்பி கனோவா செதுக்கிய அல்ஃபியேரியின் கல்லறை இந்தச் சீமாட்டியின் ஏற்பாடு. அதில் அழுதபடி நிற்கும் பெண் இத்தாலி. நாடு ஒன்றாகும் முன்பே அப்படி ஓர் உருவம்! பின்வந்த இத்தாலியக் கவிஞர்கள் ஃபொஸ்கொலோ, லெயோபார்தி இருவரும் இவரைப் பாடியதும் அந்த ஏக்கத்தில்தான்.

கேள்வி: எதிலிருந்து படிக்கலாம்? நாற்காலி வரும் நூலா?
இல்லை! 'சவுல்' நாடகம் முதலில். அடுத்து 'மிர்ரா', 1819இல் போலோன்யாவில் அதை மேடையில் பார்த்த ஆங்கிலக் கவிஞர் பைரன் அழுது நடுங்கிப்போனார். நாற்காலி கடைசியில்.