184 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

கேள்வி: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 184 கிலோமீட்டர், 14 நிமிடப் பயணம் என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. டிக்கெட்டிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்றிருக்கிறது. "நேரடி விமானம் சின்னது, சுற்றிப் போகும், சென்னை வழியாகப் போங்கள்" என்கிறார் ஏஜென்ட். வயதான அம்மாவுடன் போகிறேன். யாரை நம்புவது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். தூரம் சரி, நிமிடக் கணக்குதான் தவறு. இத்தகைய தளங்கள் இரண்டு ஊர்களுக்கு நடுவே நேர்க்கோடு இழுத்து, ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்துவிடுகின்றன. 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய இந்தச் சேவையில் பறப்பது ஏடிஆர் என்ற புரொபெல்லர் விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அந்த வேகத்தை எட்டிக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். தவிர, டிக்கெட்டில் உள்ளது வானில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. திருச்சியில் விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலியில் வந்து நிற்கும் வரை. இரண்டு வரியில் அச்சிட்டால் தீர்ந்துவிடும் இந்த விளக்கத்தை எந்த நிறுவனமும் தருவதில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள்.

உங்கள் ஏஜென்ட் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பலாலியின் ஓடுபாதை குட்டையானது. சென்னையிலிருந்து அங்கே போவதும் அதே ஏடிஆர்தான்! திருச்சியிலிருந்து வடக்கே சுமார் 295 கிலோமீட்டர் போய், மறுபடி தெற்கே 355 கிலோமீட்டர் வர வேண்டும். இரண்டு டிக்கெட், இரண்டு கமிஷன். கொழும்பு வழி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாலையில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர், அம்மா தாங்கமாட்டார்.

சென்னை வழி பொருந்தும் சூழல் ஒன்றே: உங்களுக்கு வேண்டிய நாளில் நேரடி விமானம் இல்லாதபோது. அப்போதும் இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆர் எண்ணில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்க வேண்டும். தனித்தனி எண் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பு உங்களுடையது. பெட்டியைச் சென்னையில் எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு நீங்களே கொண்டுபோய் மீண்டும் ஒப்படைக்க வேண்டும். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார்கள். பணம் கட்டும் முன் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் வாங்காதீர்கள்.

விசா விதிகளை இலங்கை அரசின் இடிஏ (இணையவழிப் பயண அனுமதி) தளத்தில் மட்டும் பாருங்கள். அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் பறிக்கும் தளங்கள் உண்டு.

ஒரு மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வது எரிச்சலூட்டும் ஏற்பாடுதான். ஆனாலும் வயதானவரோடு போகையில் அதைக் குறைக்காதீர்கள். ஏடிஆரில் படியேறித்தான் உள்ளே போக வேண்டும். எனவே சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள், படி ஏற முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லி.