மைனிங் மெஷினுக்கு கரண்ட் செலவை எப்படிக் கணக்கிடுவது?

கிரிப்டோ மைனிங் மெஷின் என்பது ஒரே வகைக் கணக்கை ஓயாமல் போட்டுப் பார்க்கும் கணினி. விடையை முதலில் பிடிப்பவருக்குத்தான் காயின், அதாவது பிட்காயின் போன்ற டிஜிட்டல் பணம். அதனால் பெரும்பாலானோர் அதை அணைத்து வைப்பதில்லை. செலவு ஏறுவதும் அதனால்தான்.

கணக்கு சுலபம். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ என்ற மைனிங் மெஷின் சுமார் 3250 வாட் இழுக்கும். 3250-ஐ 24-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் நாளுக்கு 78 யூனிட். 30 நாளுக்கு 2340. அதை உங்கள் யூனிட் விலையால் பெருக்குங்கள், அவ்வளவுதான். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றை இரவும் பகலும் கொதிக்கக் கொதிக்க வைத்திருப்பது போல. உள்ளே போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது, அப்புறம் அந்த அறையைக் குளிர்விக்க ஃபேன், ஏசி என்று தனிச் செலவு. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் கட்டணம் என்றால், மேல் அடுக்கு விலையையே எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

காயின் கிடைக்காத நாளில் கரண்ட் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே 78 யூனிட்தான்.