எல்ல பக்கம் கட்டும் விடுதிக்குக் கேட் 6 போதுமா, கேட் 7 வேண்டுமா?

எல்லவுக்கு அருகே இரண்டு மாடி விடுதி, அறைக்கு ஓர் இணைப்பு, கூரையோரம் கமெராக்கள், சரிவில் சற்றுக் கீழே தனிச் சமையற்கட்டடம். இணையம், கமெரா இணைப்புக்கு இழுக்கும் வலையமைப்புக் கேபிளில் ('கேட்', Cat, என்பது அதன் தர வகை) கடைக்காரர் கேட் 7 என்கிறார், வயரிங் செய்பவர் கேட் 5ஈ போதும் என்கிறார், எதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மலையகத்தில் இந்த வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: விடுதிக்குள் கேட் 6 போடுங்கள். ஆனால் எந்த எண்ணாக இருந்தாலும் உள்ளே இருப்பது சுத்தச் செம்புதானா என்பதை முதலில் பாருங்கள்.

வயரிங்காரர் சொல்வது தவறில்லை. கேட் 5ஈ 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் தரவைக் கொண்டுபோகும். 2016இல் வந்த தரத்தின்படி 2.5 கிகாபிட்டும் அதில் ஓடும். ஆனாலும் சுவருக்குள் புதைக்கும் கேபிளை மாற்ற யாரும் மறுபடி சுவரை உடைக்கப்போவதில்லை. கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். கேட் 6 ஏறத்தாழ 55 மீட்டர் வரை 10 கிகாபிட் தாங்கும். உங்கள் கட்டடத்தில் அதைவிட நீளமான கேபிள் ஓட்டம் இருக்காது. கேட் 6ஏ முழு 100 மீட்டருக்கும் அந்த வேகம் தரும் என்றாலும் தடிப்பானது, வளைக்கக் கடினம், குழாயும் பெரிதாக வேண்டும். கேட் 7ஐ அமெரிக்கத் தர அமைப்பான டிஐஏ ஏற்கவேயில்லை. சர்வதேசத் தரத்தில் அது வேறு வகைச் செருகிகளுக்காக வகுக்கப்பட்டது. வழக்கமான வலையமைப்புச் செருகியான ஆர்ஜே45ஐ மாட்டினால் கூடுதல் பணத்துக்குப் பலன் இல்லை. உலோக உறை வேறு உண்டு, அதற்கு ஒழுங்கான எர்த் வேண்டும்.

இனிச் செம்பு. சந்தையில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் தாராளமாகக் கிடைக்கிறது. பெட்டியில் கேட் 6 என்றே அச்சிட்டிருக்கும். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். கேபிள் வழியே மின்சாரமும் எடுக்கும் கமெராக்களில்தான் இந்த வித்தியாசம் தெரியவரும். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், கொழுந்து நிறுக்கும் இடத்துக் கமெரா பகலெல்லாம் ஒழுங்காக ஓடியது. இருட்டியதும் நின்று நின்று மறுபடி தொடங்கியது. கமெராவை மாற்றியும் தீரவில்லை. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது மின்தேவை கூடுகிறது, அந்தக் கம்பியில் மின்னழுத்தம் விழுந்துவிடுகிறது. செம்புக் கேபிள் இழுத்த அன்று இரவே சரியானது.

வாங்குமுன் ஒரு துண்டை வெட்டி, கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் திருப்பிக் கொடுங்கள். இரண்டு மூன்று தடவை வளைத்ததும் முறிந்தாலும் வேண்டாம். 305 மீட்டர் பெட்டி தூக்கும்போதே இலேசாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கூரையோரத்துக்கு வெயில் தாங்கும் கறுப்பு பாலிஎத்திலீன் உறையுள்ள வெளிப்புறக் கேபிளை எடுங்கள். கமெராவுக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நம்மூர்ப் பனிமூட்டத்தில் திறந்து கிடக்கும் செருகி சீக்கிரமே களிம்பேறும்.

சமையற்கட்டடத்துக்குச் செம்பே வேண்டாம், ஒளியில் தரவு கடத்தும் ஃபைபர் (ஒளியிழை) கேபிள் இழுங்கள். மார்ச், ஏப்ரல் பின்னேரங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே இடிமின்னல் எப்படி என்பது உங்களுக்கே தெரியும். இரு கட்டடங்களுக்கிடையே செம்பு ஓடினால், அருகில் விழும் மின்னலும் அதன் வழியே இரண்டு பக்கத்துக் கருவிகளையும் எரித்துவிடலாம். உலோகமே இல்லாத ஃபைபராகக் கேளுங்கள். கேபிளைத் தாங்கும் கம்பி எஃகாக இருந்தால் அதைச் சுவருக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டி நிறுத்தச் சொல்லுங்கள். இரு முனைக்கும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மாற்றிப் பெட்டி வாங்கும் செலவு, ஒரு வலையமைப்புச் சுவிட்சும் சில கமெராக்களும் எரிந்துபோவதோடு பார்த்தால் பெரிதல்ல.

மேசன் பூசத் தொடங்குமுன் ஒவ்வொரு ஓட்டத்திலும் எட்டுக் கம்பிகளையும் சோதித்து, இரு முனையிலும் அறை எண்ணை எழுதி ஒட்டுங்கள். பின்னர் இன்னொரு கேபிள் இழுக்க வேண்டிவந்தால் உதவ, குழாய்களுக்குள் ஒரு நைலோன் கயிற்றையும் விட்டுவையுங்கள்.